அய்யூப் எந்த அடுக்கில்

சௌராஸ்தா சந்தையின் மேல்தளம்.
கீழே ஜாதிக்காய் ஊறுகாயும் மீன்வாடையும்.
படியேறும்போது பாதி வழியிலேயே
அவை காகித மணத்திடம் தோற்றுவிடும்.

நேற்று ஒரு பெட்டி வந்தது,
பூலாவ் தீக்குஸ் பக்கம் ஆளில்லாத வீட்டிலிருந்து.
எடைபோட்டுத்தான் எடுத்தேன். பதினெட்டு கிலோ.
பாதி நபிமார்கள்.
மீதி, அவர்களை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள்.

அடுக்குவதில்தான் வம்பு.
நர்ஸ் பிலோமினா ஆபிரகாம் என்று கேட்பார்: ஆ.
மதரசா வாத்தியார் ஷேக்கப்துல்லா இப்ராஹீம் என்பார்: இ.
ஒரே ஆள்தான், நடுவில் ஒரு விரற்கடை.
யோனாவும் யூனுஸும் பரவாயில்லை,
இருவரும் ய-வில், ஒரே மீன் வயிற்றில்.
மூசாவும் மோசேயும் ம-வில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.
அய்யூப்தான் சிக்கல்.
அ-வில் ஒருமுறை நிற்க வேண்டும்,
கோடியில், ய-வில், யோபு என்று இன்னொருமுறை.
நடுவே மொத்தக் கடையும்:
சமையல் குறிப்பு, கைரேகை, பழைய எஸ்.பி.எம். வினாத்தாள்.
பொறுமைக்குப் பேர்போனவர். நடக்கட்டும்.

பெட்டியின் அடியில் ஒல்லியாய் ஒரு புத்தகம்,
சொந்தச் சபையே விலக்கிவைத்த ஒரு யூதனைப் பற்றி.
லென்சு தீட்டிச் சாப்பிட்டவன், எழுதியதோ கடவுளைப் பற்றி.
அதை எடுத்தது மூக்குக்கண்ணாடிக் கடை எங் ஹுவாட்.
"கண்ணாடித் தூள் நெஞ்சில் இறங்கித்தான் செத்தானா?"
அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டும்.
மற்றதை அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்,
எனக்கே பாதிதான் விளங்கியது.

இன்னொன்று தடிமன்.
கெய்ரோவில் வைத்தியம் பார்த்த யூத அறிஞர் ஒருவர்.
நடுப்பக்கத்தில் அவர் கையெழுத்தின் நகல்.
எழுத்து எபிரேயம், மொழி அரபி
என்று கீழே பொடி எழுத்தில் குறிப்பு.
சிரித்துவிட்டேன்.
நாகூரிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பெரியத்தா
மளிகைக் கணக்கை அப்படித்தான் எழுதுவார்,
அரபு எழுத்தில் தமிழை, வலமிருந்து இடமாக:
கருவாடு, கடுகு, காசிமிடம் பாக்கி ஏழு வெள்ளி.
பாக்கிக்காரன் காசிமே அதை
துஆ என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.
அந்தத் தடிப்புத்தகம் விற்பனைக்கு இல்லை.

குணவதி போன வாரம் வந்தார்.
"கஷ்டப்பட்டவன் கதை ஏதாச்சும் இருக்கா?
எந்தச் சாமியா இருந்தாலும் சரி."
ய-வில் இருந்த யோபுவைக் கொடுத்தேன். நாலு வெள்ளி.
இன்று திருப்பிக் கொண்டுவந்தார், காசு கேட்கவில்லை.

"கடைசில எல்லாம் திரும்பக் கெடச்சிருச்சாம்.
ஆடு, ஒட்டகம், ரெட்டிப்பா.
புள்ளைங்ககூடப் புதுசா.
செத்ததுங்களுக்கு ஒரு பேர்கூட எழுதல, பாத்தீங்களா?
ஆட்டுக்கு எண்ணிக்கை இருக்கு."

நான் நூல்கண்டைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.
நிமிர்ந்தபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்,
கையில் மாங்காய் வாங்கிய பை.

விற்குமுன் பென்சில் கோடுகளை அழிப்பது என் வழக்கம்.
ரப்பரோடு முதல் பக்கத்தைத் திறந்தேன்.
வீடு இடிந்து விழும் இடத்தில்,
ஓரத்தில், நுணுக்கி நுணுக்கி, பத்துப் பெயர்கள்.
ஏழு ஆண், மூன்று பெண்.
முகிலன், செல்வராணி, நவநீதன் என்று போகிறது.
ஆறாவது பெயர் எனக்குத் தெரியும்.
ஜெலுத்தோங் விளக்குக் கம்பத்தில்
படத்தோடு கட்டியிருந்தார்கள்,
பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கிய மறுநாள்.
மற்ற ஒன்பதும் அவராக வைத்தவை.
ஒன்றுகூட இரண்டாம்முறை வரவில்லை.

அஸர் முடிந்து ஷேக்கப்துல்லா வந்தார்.
அட்டையில் யோபு என்றிருந்ததைப் பார்த்தார்,
கீழே வைக்கவில்லை.
புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.
"இந்தப் பேரெல்லாம் எந்தக் கிதாபுல இருக்கு?"

"இதுலதான்" என்றேன்.

பேரம் பேசாமல்
நாலு வெள்ளியை எண்ணி வைத்தார்.