சேலா

புதுக்கடை, நான்காம் இலக்க நீதிமன்றம்.
பதினேழு வருடமாக நான் அங்கே இரவல் வாய்.
சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் வைப்பேன்,
தமிழில் விழுவதைச் சிங்களத்தில் எடுப்பேன்.
"நான் குத்தேல்லை ஐயா" என்று
முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.
ஒருவரையும் நான் குத்தியதில்லை.

இன்று காலை மன்னாரிலிருந்து ஒரு சாட்சி.
பெயர் செபமாலை. சட்டைப் பையில் பஸ் டிக்கட்
பாதி வெளியே தெரிந்தது.
"அன்றிரவு கதவைத் தட்டியவரைத் தெரியுமா?"
கேள்வியை மாற்றிக் கொடுத்தேன்.
அவர் வாய் திறந்தார்.
மூடினார்.
மின்விசிறி சுற்றியது.
தட்டெழுதும் பெண்ணின் விரல்கள்
விசைகளுக்கு மேலே கொக்குக் கால்களாய் நின்றன.
நீதவான் என்னைப் பார்த்தார்:
என்ன சொல்கிறார்?
"ஒன்றுமில்லை, கனம் நீதவான் அவர்களே."

பதினேழு வருடத்தில்
நான் பிழையாகப் பெயர்த்தது அது ஒன்றுதான் என்று
வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பட்டது.

இரவு. வெள்ளவத்தை.
கடலுக்கும் எனக்கும் நடுவில் தண்டவாளம்.
மேல்மாடியில் யாரோ வாளியை இழுக்கிறார்கள்.
நாலாம் சங்கீதத்தைத் திறந்தேன்.
ஊரோடு வழக்காடிக் களைத்த ஒருவன்
கட்டிலில் கிடந்து தன் நெஞ்சோடு கதைக்கச் சொல்கிறான்,
கதைத்த பிறகு அடங்கச் சொல்கிறான்.
பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு சின்னச் சொல்:
சேலா.

ஞாயிறுகளில் அதை ஒருவரும் வாசிப்பதில்லை.
போதகர் தாண்டுவார், சபையும் தாண்டும்,
காலி வீதியில் மழைத்தண்ணீரைத் தாண்டுவதுபோல.
சின்ன வயதில் அது யாரோ பெண்ணின் பெயர் என்றிருந்தேன்.
தமிழுக்குக் கொண்டுவந்தவர்களும் கைவிரித்துவிட்டு
ஒலியை மட்டும் இறக்கி வைத்துப் போனார்கள்,
துறைமுகத்தில் உடைக்காத பெட்டியாக.

இன்று தாண்டவில்லை.
சொல்லின்மேல் விரலை வைத்தேன்.
இருந்தேன்.

முதலில் வந்தது அமைதி அல்ல.
உள்ளேயும் ஒரு கோடு நடக்கிறது.
முறைப்பாடு செய்தவள் நான், எதிரி நான்,
இருவருக்கும் மொழிபெயர்ப்பவளும் நான்.
தங்கச்சியிடம் சொன்ன சொல் கூண்டில் ஏறியது.
கரண்ட் பில் ஏறியது.
விரல் நழுவியது; திரும்ப வைத்தேன்.
மாத்தறை ரயில் வந்தது,
யன்னலும் கட்டில் காலும் என் பல்லும் அதிர,
போனது.

ரயில் போன பிறகு வருகிற கடலை
இத்தனை காலம் நான் கேட்டதில்லை.
ரயிலுக்கு முன்பும் அது இருந்திருக்கிறது,
ரயிலின் அடியிலும்.
என் எல்லா வாக்குமூலங்களுக்கும் அடியில்
பெயர்க்க ஆள் கேட்காத ஒன்று
மெல்ல ஏறி, மெல்ல இறங்கி.
அது நானா, மூச்சா, அவரா,
தெரியாது. பதிய வேண்டாம்.

செபமாலை எந்த லொட்ஜில் படுத்திருப்பார்?
நாளை ஒன்பதரைக்குத் திரும்பக் கூண்டில் ஏறுவார்.
வாய் திறப்பார், மூடுவார்.
என்ன சொல்கிறார் என்று கேட்கப்படும்.
நான் உடனே பதில் சொல்லமாட்டேன்.
கொக்குகள் நிற்கட்டும்.
பிறகு, முழு வசனமாக:
"சாட்சி மௌனமாக இருக்கிறார், கனம் நீதவான் அவர்களே.
தயவுசெய்து அதையும் எழுதுங்கள்."

விரலை இன்னும் எடுக்கவில்லை.
அடுத்த வசனம் கீழே இருக்கிறது.
இருக்கட்டும்.