ஈரப்பதம்

நீடாமங்கலம் கேட் இன்றைக்கு நாற்பது நிமிடம்.
சரக்கு வண்டி போனது. எஞ்சின் மட்டும் திரும்பி வந்தது.
எதையோ மறந்தது போல மறுபடியும் போனது.
வீட்டைத் திறக்கையில் எட்டே முக்கால்.
மாவுக் கடை சாத்தியாயிற்று.

கழுத்தில் நெல் சுணை,
ரவிக்கை மடிப்பில் சுணை, மூக்குக்குள்ளும் சுணை.
கொள்முதல் நிலையத்தில் காலையிலிருந்து
நாற்பது கிலோ, நாற்பது கிலோ என்று சிப்பம் எழுதிய கைக்கு
ராத்திரியில் சோறு அள்ளப் பிடிப்பதில்லை.
இதை இந்த ஊரில் வெளியே சொல்ல முடியுமா?

பரணில் கொழுந்தன் அனுப்பிய அட்டைப்பெட்டி.
கோடாலித் தைலம், சோப்பு,
ஒரு பாக்கெட் பாஸ்தா,
தக்காளிக் குழம்பில் மத்தி, டின் மூன்று.
பஸ் ஏறினால் நாகப்பட்டினம் ஒன்றரை மணி நேரம்.
இந்த மீன்களோ
விமானத்தில் வந்திருக்கின்றன.

பொழிலன் கணக்கு நோட்டைக் கையில் வைத்தபடியே
வந்து நிற்கிறான்.
"எவ்வளவு நேரம் ஆகும்?"
பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறது.
பத்து நிமிடம் என்று போட்ட எதுவும்
இந்த வீட்டில் பத்து நிமிடத்தில் ஆனதில்லை.

தண்ணீர் தளதளக்கிறது. கல்லுப்பு ஒரு கை.
இந்தப் பக்கம் இருப்புச் சட்டியில் நல்லெண்ணெய்,
தட்டிய பூண்டு எட்டுப் பல்,
கிள்ளிய மிளகாய், சின்ன வெங்காயம்.
கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போனது.
வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன்.
கறிவேப்பிலையிடம் அந்த அளவு உறுதி இல்லை.

டின்னின் வளையம் கையோடு வந்துவிட்டது.
மூடி அப்படியே இருக்கிறது.
பையைத் துழாவினால் குத்தூசி.
மூட்டையின் வயிற்றில் சொருகி
மாதிரி நெல் உருவும் அதே குத்தூசி.
நுனியை வைத்து ஒரு தட்டு.
பீறிய சிவப்புக் குழம்பு
நாளை கொடுக்க வேண்டிய பட்டியலின் மேல்.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது?
ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தேன்.
நடுவில் சின்னதாய் ஒரு மறுப்பு.
அப்போதுதான் அமிர்தவல்லி ஞாபகம் வந்தாள்.

மத்தியானம் அவள் இப்படித்தான்
என் முகத்துக்கு நேரே ஒரு நெல்லைக் கடித்தாள்.
"டக்குனு சத்தம் வருது பாருங்க மேடம்,
இதுவா ஈரம்?"
கருவி பத்தொன்பது புள்ளி இரண்டு என்றது.
அரசு பதினேழு என்கிறது.
அவள் பல்லுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.
"காயவச்சுக் கொண்டாங்க" என்றேன்.
அண்ணாந்து பார்த்தாள்.
ஐப்பசி வானம்.
நானும் பார்த்தேன்.

வடிதட்டில் கொட்டுகையில்
ஒரு கரண்டிக் கஞ்சியை நிறுத்திக்கொண்டேன்.
வடித்த நீரைச் சாக்கடைக்கு விடக் கூடாது என்பது
கோதுமைக்கும் பொருந்தும் போல.
அதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தது,
எண்ணெயை, குழம்பை, உடைந்த மீனை.
மேலே அரை எலுமிச்சை.

"நல்லா இருக்குமா" என்றான் பொழிலன்,
முள்ளைத் தேடியபடி.
முள்ளும் மெத்தென்று வெந்திருந்தது.
அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது
தகரத்தில் முதல் சொட்டு.
பிறகு இரண்டு.
அப்புறம் எண்ண முடியவில்லை.

அமிர்தவல்லி குவியலின் மேல் தார்ப்பாய் இழுத்து
நான்கு மூலைக்கும் செங்கல் வைத்துக்கொண்டிருப்பாள்.
அந்தத் தார்ப்பாயில் வலது பக்கம் ஒரு கிழிசல்.
பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான்
கேட்டில் போய் நின்றேன்.

சட்டியில் இன்னும் ஒருவர் சாப்பிட இருக்கிறது.
டின்னைச் சாம்பல் போட்டுக் கழுவினேன்.
விளிம்பு விரலைக் கீறியது.
ஒரு கைப்பிடி மாதிரி நெல்லுக்குச் சரியான அளவு.
பொழிலன் கேட்கிறான்,
"எங்கம்மா கிளம்புற, இந்த மழையில?"

குடை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.
கேட் திறந்திருக்க வேண்டும்.