சித்ராவிலிருந்து சிங்கம்புணரி வரை

குன்றக்குடியிலிருந்து பழநிக்கு
நூற்றைம்பது சொச்சம்.
இந்தத் தீவின் நெற்றியிலிருந்து குதிகால் வரை ஐம்பது.
மூன்று பஹ்ரைன் என்று
பனியன் அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

ஒன்பது வருடம்
இரும்பு மூக்கு வைத்த ஷூவுக்குள் கிடந்த பாதம்.
கழற்றினால்
குழம்பில் ஊறிய அப்பளம்.
நத்தம் ரோட்டு ஜல்லிக்கு இது ஆகாதென்று
அதற்கே தெரியும்.

கார்த்திகை கடைசியில் பழக்கத் தொடங்கினேன்.
அதற்கு முன் இங்கே வெறுங்கால் நடவாது,
பொழுது போன பிறகும்
தார் சூட்டை அடைகாத்துக்கொண்டிருக்கும்.
இப்போது வாடை.
இங்கும் அது வடக்கிலிருந்துதான் வருகிறது,
ஷமால் என்று கூப்பிடுகிறார்கள்,
திரும்பிப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை மெஸ் பிரியாணியில்
என் கறித்துண்டு காஜா மைதீன் தட்டுக்கு.
"உன் விரதத்துல
எனக்கு ரெண்டு கிலோ ஏறிப்போச்சு மாப்ள"
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போடுகிறான்.
எதற்கு நேர்ந்துகொண்டாய் என்று மட்டும்
அவன் கேட்டதில்லை.
கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

லீவு பாரத்தில் 'காரணம்' என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.
கோயில், நடை என்று எழுதினேன்.
போன வருடம் இருந்த ஆள்
"பஸ் ஓடவில்லையா உங்கள் ஊரில்" என்று
பாரத்தைத் திருப்பித் தள்ளினார்.
டைம் ஆபீஸுக்குப் புதிதாக வந்த ஜாஃபர் கேட்டது வேறு.

எத்தனை நாள்?
ஆறு.
சாப்பாடு?
வழியில் கொடுப்பார்கள்.
யார்?
தெரியாது. கொடுப்பார்கள்.

பேனாவைக் கீழே வைத்தான்.
"அங்கேயும் அப்படித்தான்."
நஜஃபிலிருந்து கர்பலாவுக்கு மூன்று தடவை நடந்தவன்.
வழி நெடுகக் கம்பங்களுக்கு நம்பர் இருக்குமாம்,
தொள்ளாயிரம் தாண்டினால்
கால் நம்முடையது இல்லையாம்.
கொப்புளத்தைக் கிள்ளாதே,
ஊசியில் நூல் கோத்து நுழைத்து
நூலை உள்ளேயே விட்டுவிடு,
நீர் தானாக இறங்கும் என்றான்.
மச்சான் சின்னக்கருப்பனும்
போனில் இதையேதான் சொல்லியிருந்தான்.
அவன் சொன்னது வெள்ளை நூல்,
இவன் கறுப்பு.

ஆனாலும் ரோஸ்டர் ரோஸ்டர்தான்.
பூசம் பௌர்ணமியைப் பார்க்கிறது,
ஆலை ஆள் கணக்கைப் பார்க்கிறது.
வெள்ளி விடியலில் குழு கிளம்பும்.
எனக்குச் சனிக்கிழமையிலிருந்துதான்.
ஜாஃபர் ஸ்கேலை வைத்துப் பார்த்தான்,
தேதியை நகர்த்த முடியவில்லை.

"திருச்சியில இறங்கி
நேரா சிங்கம்புணரிக்கு வந்துரு.
ராத்திரி அங்கதான் தங்கல்.
முதல் ரெண்டு நாள் போனாப் போகுது"
என்று மச்சான் குரல் அனுப்பினான்.
போனாப் போகுது என்பதை
நாலு தடவை போட்டுக் கேட்டேன்.
முப்பத்தைந்து கிலோமீட்டர்.
யார் கணக்கில் போவது?

சித்ரா பாலம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி
என் அளவில் மூன்று.
ஆறு தடவை போய் ஆறு தடவை வந்தால்
ஒன்று கூடுதலாகவே கொடுத்துவிடலாம்.

வியாழன் இரவு ஷிப்ட் விட்டதும்
ஷூவைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
வற்றம். இருட்டுச் சேற்றில்
ஏதோ பறவைகள் ஒற்றைக்காலில்.
எண்ணெய்த் தொட்டிகளின் விளக்கு
பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது.
பாலத்துக் கைப்பிடியில் உப்பு பூத்திருந்தது,
தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.

நாலாவது நடையில் போலீஸ் வண்டி நின்றது.
கண்ணாடி இறங்கியது.
என் காலைத்தான் முதலில் பார்த்தார்.
பிறகு கழுத்தில் தொங்கிய பை.
பிறகு முகம்.
எங்கே போகிறாய் என்றார் இந்தியில்.

பத்தாகா கார்டை எடுக்கக் கை போனது,
வாய் முந்திக்கொண்டது.
"சிங்கம்புணரி."

சிங், என்று தொடங்கி
பாதியில் விட்டுவிட்டார்.
ஓரமாகப் போ,
லாரி வரும் என்றார்.