நாய்க்கு நான்

பயிற்சி நாளில் சொல்லிக்கொடுத்தார்கள்:
'நல்ல இடத்துக்குப் போய்விட்டார்' என்று சொல்லாதே.
'தைரியமாக இரு' வேண்டாம்.
'தூங்குகிறார்' என்று சொல்லவே சொல்லாதே,
அப்புறம் அந்தப் பிள்ளை தூங்காது.
எதைச் சொல்லலாம் என்பதற்கு வருமுன்
சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

கேப் பிரெட்டனில் ஜூன்.
ஏரிக்கரையில் எட்டு மரக்குடில்கள்,
காதுக்குப் பின்னால் கடிக்கும் கருப்பு ஈ,
நாற்பத்தொரு பிள்ளைகள்.
எனக்கு ஆறாம் குடில்.
பக்கத்துக் குடிலில் டகல் என்ற பையன்
அப்பாவின் கைக்கடிகாரத்தை முழங்கைவரை ஏற்றிக் கட்டியிருந்தான்.
விடிகாலை நாலு பத்துக்கு அது கூவும்,
இறால் பிடிக்கக் கிளம்பும் நேரம்.
மரச்சுவர் வழியாக எங்களுக்கும் கேட்கும்.
நிறுத்து என்று எவரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் இரவு
படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டே
மோரக் கேட்டாள், ஒன்பது வயது, வாய் நிறைய நுரை:
"உனக்கு யாரு செத்தது?"

யாரும் இல்லை என்றேன்.
அம்மாவும் அப்பாவும் ஆண்டிகோனிஷில்
சீட்டாடிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு,
நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

"ஒருத்தர்கூடவா?"

சீட்டு வாங்காமல் பேருந்தில் ஏறியவளைப் பார்ப்பதுபோல்
பார்த்தாள்.
"அப்போ ஏன் வந்தே?"

பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பவள் நான்.
'உங்கள் முறை செவ்வாய் பத்தரைக்கு'
என்று நாளெல்லாம் சொல்பவள்.
சனி ஞாயிறுகளில் என்னிடம் ஒன்றும் இல்லை.
அதைத்தான் சொன்னேன்.
நுரையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கல் சடங்கு.
ஆளுக்கொரு கல், அதில் ஒரு பெயர்,
சாயங்காலம் ஏரியில் விட வேண்டும்.
வெறுங்கல்லை வைத்துக்கொண்டு
வண்ணப் புட்டிகளை அடுக்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

மோரக் வந்து என் கல்லைப் பிடுங்கினாள்.
"எனக்கு ரெண்டு பேரு. அப்பாவை நான் பாத்துக்கறேன்.
நாயை நீ எடுத்துக்கோ."

படகிலேயே இருந்ததாம் அதுவும்.
அப்பாவுக்குப் பூ வந்தது,
அட்டை வந்தது, தேவாலயம் நிறைய ஆள் வந்தது,
அடுப்பில் இடமில்லாத அளவுக்கு மீன்கறிப் பாத்திரம் வந்தது.
"போசனைப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

கேட்டேன்.
தெரியாத ஒன்றுக்கு எப்படித் துக்கம் காப்பது?
எந்த நிறம்?
பழுப்பு, வயிறு மட்டும் அழுக்கு வெள்ளை.
காது?
ஒன்று நிற்கும், மற்றது நிற்காது.
எங்கே படுக்கும்?
கயிற்றுச் சுருள்மேல். அப்பா திட்டுவார்.
திட்டிவிட்டு வேறு கயிறு எடுத்துக்கொள்வார்.
என்ன தின்னும்?
வறுத்த ரொட்டியின் ஓரம். வெண்ணெய் இருந்தால்தான்.
யார் கொடுப்பார்கள்?

தூரிகையை வாயில் கடித்துக்கொண்டாள்.
ஏரியில் ஒரு லூன் பறவை முங்கியது.
அது எங்கே எழுகிறது என்று இருவரும்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெகு தள்ளி எழுந்தது.

"அப்பாதான்," என்றாள். "வேற யாரு.
ஓரம் பிடிக்காதுன்னு பொய் சொல்லுவார்.
இன்னும் கேளு."

கேட்டேன். சாயங்காலம்வரை கேட்டேன்.
கஞ்சி நிறத்தில் எங்கள் மக்கரோனி ஆறிப்போனது.

கரையில் வரிசை.
ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கல்லை விட்டார்கள்.
டகல் விடவில்லை, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
என் முறை வந்தபோது கழுத்து சுட்டது:
கட்டிய கணவனை, பெற்ற தாயை இழந்தவர்கள்
எனக்கு முன்னும் பின்னும் நிற்க,
நான் பார்த்தேயிராத நாய்.

மோரக் முழங்கையால் இடித்தாள்.
"அழணும்னு இல்ல. பேரைச் சரியாச் சொன்னாப் போதும்."

போசன், என்றேன்.

"சத்தமா."

போசன்!

யாரோ ஒரு பையன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.
பிறகு தன் கல்லை இரண்டு கையாலும் தூக்கி
வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லி
விட்டாள்.

ஞாயிறன்று வண்டியில் ஏறும்போது
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவள் சித்தி சிற்றுண்டி கொண்டுவந்திருந்தாள்.

திங்கட்கிழமை மருத்துவமனை.
உங்கள் முறை செவ்வாய் பத்தரைக்கு.
காலையில் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து
தட்டின் விளிம்பில் வைக்கிறேன்.
வெண்ணெய் தடவி.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு
நேரமாகிவிட்டதென்று
நானே தின்கிறேன்.