நான்காவது சுருள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
தகரப் பெட்டிக்குள், படச்சுருளுக்கு அடியில்
நான்காய் மடித்த ஒரு தாள் இருந்தது.
ஆறு பெயர்கள், ஒரு வீட்டு எண்.
இனி நீங்கள் சாய்ந்து உட்கார முடியாது.

டர்பன். அறுபத்து மூன்று, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவு.
ஒரே படம், ஒரே பிரதி, இரண்டு கொட்டகை.
கிரே தெருவில் ஓடி முடிந்த சுருளை
அம்கேனி சாலைக்குக் கொண்டுபோவது என் வேலை.
சைக்கிள் மிதிக்கப் பதினொரு நிமிடம்.
அங்கே மூன்றாம் சுருள் தீர இருபது.
பிந்தினால் திரை வெளுக்கும்,
முன்வரிசை நாற்காலியை உதைக்கும்,
சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்கும்.

எந்தப் படத்தையும் நான் முழுதாய்ப் பார்த்ததில்லை.
இங்கே ஒரு சுருளின் வால், அங்கே ஒன்றின் தலை.
துரத்துவார்கள், எதற்கென்று தெரியாது.
துப்பாக்கி வெடிக்கும், யாருக்கென்று தெரியாது.
ஆனால் கதவுக்கு வெளியே காத்து நின்று
ஒன்று தெரிந்துகொண்டேன்:
வெடிக்கும்போது ஜனம் கடலை கொறிக்கும்.
வெடிப்பதற்குச் சற்று முன்புதான்
தோல் உடைபடும் சத்தம் நிற்கும்.

விக்டோரியா தெரு முனை. கை காட்டி நிறுத்தினான்.
செம்பட்டை மீசை. கடிக்கிற புது பூட்ஸ்
(ஒரே காலில் பாரம் போட்டு நின்றான்).
"திற."
திறந்தேன்.

சினிமாவில் இந்த இடத்தில் வயலின்கள் அலறும்.
அங்கே அலறியது
சமோசாக் கடை எண்ணெய்ச் சட்டி மட்டும்.
ஒரு பஸ் போனது. புதினாக் கட்டோடு ஒரு பெண்
எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

சுருளின் நுனியை உருவித்
தெருவிளக்குக்கு நேரே பிடித்தான்.
ஒரு முழம். இரண்டு முழம்.
கட்டம் கட்டமாய் ஒருவன்
மாடி விளிம்பில் விரல் நுனியால் தொங்குகிறான்.
நாற்பது கட்டம் இருக்கும். எதிலும் விழவில்லை.
கண்ணைச் சுருக்கி இன்னும் ஒரு முழம் உருவினான்.
இடது கை, தன்னை அறியாமல்,
சுருளை இரண்டு விரல் உயரம் தூக்கியிருந்தது.

இரண்டு விரல்.

தாளின் ஓரம் அந்த உயரத்தில் தெரியுமோ தெரியாதோ,
நான் குனிந்து பார்க்கவில்லை.
என் கண் எதிர்க்கடைக் கடிகாரத்தில்:
எட்டு நிமிடம் கரைந்திருந்தது.

"விழுவானா?" என்றான்.
"அது அடுத்த சுருளில், சார்."
"நீ பார்த்தாயா?"
"இல்லை, சார்."
காலை மாற்றிப் போட்டு நின்றான்.
"திங்கட்கிழமை இங்கேதான் இருப்பேன். வந்து சொல்."
சுருளை இறக்கி, மூடியை அவனே அடித்துச் சாத்தினான்.

பிந்தித்தான் போனேன். இரண்டு நாற்காலி போயிருந்தது.
மூன்று வாரமும் அம்கேனி சாலையில்
தொங்குகிறவன் முகத்தின் மேல்
திரை அகலத்துக்கு ஒரு கட்டைவிரல் ரேகை
இமைப்பொழுது வந்து போகும். ஜனம் சிரிக்கும்.
திங்கட்கிழமை, கேட்டுத் தெரிந்துகொண்டு, சொல்லப் போனேன்.
முனையில் வேறொருவன் நின்றான்.

ஒன்றை மறைத்துவிட்டேன், மன்னியுங்கள்.
தாள் இருப்பது எனக்கு அப்போது தெரியாது.
போகும்போது சீட்டியடித்தேன்.
வேர்த்ததெல்லாம் நேரத்துக்காகத்தான்.
பயம் முழுக்க உங்களுடையது;
அப்புறம், பூபாலன் படையாச்சியுடையது.
கிரே தெரு ஆபரேட்டர். தாளை வைத்தவர்.
தன் படம் தன் பாட்டில் ஓட, அதற்கு முதுகைக் காட்டி
மாடி அறை ஜன்னலில் நின்று
எங்கள் இருவரையும் பார்த்திருக்கிறார்.
கத்த முடியாது, ஓடி வர முடியாது,
சீட்டு வாங்கி உட்கார்ந்தவன் மாதிரியே.
அந்த வருஷம் விசாரணையில்லாமல்
தொண்ணூறு நாள் உள்ளே வைக்கலாம்.
அதையும் அவர் எண்ணியிருப்பார்.

சாட்ஸ்வர்த்தில் யாருடைய கல்யாணத்திலோ
பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.
ஆறு பேரில் நாலு பேரைப் பற்றி மட்டும் சொன்னார்.
அன்றைக்குத்தான் எனக்குக் கை நடுங்கியது,
பத்தொன்பது வருஷம் பிந்தி வந்த சுருள்.
மோர் ஊற்றுகிற பையன்
செம்பைச் சாய்த்தபடி காத்து நின்றான்.