சுமார்

வின்னிபெக்கில் ஜனவரி.
மூச்சு விட்டால் கண்ணிமையில் பனி கட்டுகிற குளிர்.
சதுரங்கச் சேகரிப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில்
இந்த மாதம் பிறந்தவர்களுக்கு
அட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓரெஸ்ட் ப்ரொகோப்புக்கு எழுபத்தெட்டு.
மனைவியின் பிறந்தநாளை இருமுறை மறந்தவர்.
குதிரையின் தாடையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி
இன்ன பட்டறை, இன்ன பத்தாண்டு என்பவர்.
"பிடரி வெளுத்தாலும் செதுக்கு மழுங்கவில்லை"
என்று எழுதினேன்.
அதிகப்பிரசங்கமோ?
அடிக்க மனம் வரவில்லை.

டோரீன் ஃப்ரீசனுக்கு வயதைப் போடக் கூடாது.
அவர் சேர்ப்பது காய்களை அல்ல,
தபாலில் ஆடிய ஆட்டங்களை.
ஒரு நகர்த்தலுக்கு மூன்று வாரம்.
நாலாம் ஆண்டில், வெல்லப்போகும் நேரத்தில்,
எதிராளியின் அட்டை வராமல் நின்றுபோன ஆட்டம் ஒன்று
சமையலறைச் சுவரில் சட்டத்துக்குள் தொங்குகிறது.
யார் முறை என்று கேட்டால்
"என்னுடையது இல்லை" என்பார்.
அவருக்கு ஒரே வரி:
"உங்கள் முறைதான். கேக்கை வெட்டுங்கள்."

அடுத்தது கிளைட் மெக்காலம்.
கருங்காலியில் முப்பத்தொரு காய் வைத்திருக்கிறார்.
தொலைந்த சிப்பாயின் கட்டத்தில்
நாற்பது வருடமாக நிற்பது
இருமல் மருந்துப் புட்டியின் மூடி.

இந்தப் பட்டியலில் என் பெயர் இருந்ததில்லை.
போன வருடம் யாரோ கேட்டார்கள்.
ஜூன் ஒன்று என்றேன்.
பாஸ்போர்ட்டில் அதுதான், வங்கியில் அதுதான்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"ஆனால்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அது தலைமையாசிரியர் போட்ட தேதி.
வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து
இடக்காதைத் தொடு என்றார்.
விரல் நுனி பட்டது.
ஐந்து வயது முடிந்தது என்று எழுதிக்கொண்டார்.
எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர்,
ஒரு பெட்டிக் காய்கள்,
அத்தனை பேருக்கும் ஜூன் ஒன்று.
அம்மா கணக்கு வேறு:
அடைமழை, கிணறு வழிந்தது,
எதிர்வீட்டு எருமை கன்று போட்ட மறுநாள்.

மேசை அமைதியானது.
"பொருளைவிட ஆவணம் பிந்தியது"
என்றார் டோரீன், கண்ணில் விளக்கேற்றியது போல.
ஓரெஸ்ட் நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்:
"கிணறு எவ்வளவு ஆழம்?"

மூன்று மாதம் எனக்குக் காலம் கணித்தார்கள்.
நூலகத்திலிருந்து மழை அளவுப் பட்டியல் வந்தது.
ஸ்டுடியோ படத்தின் முதுகில் இருந்த முத்திரையை
உருப்பெருக்கியில் ஆராய்ந்தார்கள்.
மன்னார்குடிக்கு வீடியோவில் அழைத்து
நான் மொழிபெயர்க்க, அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தார்கள்.
"இவங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?" என்றாள்.
அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

முடிவு: ஐப்பசிக் கடைசிக்கும் கார்த்திகை முதல் வாரத்துக்கும் நடுவே.
அதற்குமேல் சொல்ல ஆதாரம் போதாது.

நவம்பர் கூட்டத்துக்குப் போனேன்.
கேக் பெட்டியில் நூலால் கட்டிய துண்டுச் சீட்டு,
ஏலப் பொருளுக்குக் கட்டுவார்களே, அது மாதிரி:

மங்கையர்க்கரசி.
சுமார் 1969, தஞ்சை மாவட்டம்.
அடிப்பகுதி அசல். ஈயக் கனம் குறையவில்லை.
இடது முழங்காலில் பழைய பழுதுபார்ப்பு.
சான்றிதழ்த் தேதி பிற்காலச் சேர்க்கை.
ஒற்றை. ஜோடி தேவையில்லை.
விற்பனைக்கு அல்ல.

பதினோரு வருடம் மங்கை என்று மட்டும் கூப்பிட்டவர்கள்.
தமிழில்தான் எழுதியிருந்தது பெயர்,
எறும்பு வரிசை போலக் கோணலாக.
வல்லெழுத்து இரண்டும் மிகுந்து
இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.
கண்ணாடியைத் துடைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு
கொஞ்ச நேரம் திரும்பி நின்றேன்.

கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
கிளைட் மட்டும் இன்னும் போடவில்லை.
எருமை விஷயம் தெளிவாகட்டும் என்கிறார்.

வரும் செவ்வாய் அவருக்கு எண்பத்தொன்று.
அட்டையை எழுதிவிட வேண்டும்,
அந்த மூடிக்கும் சேர்த்து.