ஐந்தரை மீட்டர்

பேர்னு பேருந்து நிலையத்தின் பின்புறம்
கார் டிக்கியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார் ஹெல்துர்.
கம்பளிக்குள் படுத்திருந்தது
அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்.
தூக்கிப் பார் என்றார்.
ஆறு கிலோ என்று விளம்பரத்தில் படித்தபோது
அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

முன்கண்ணாடியில் நகக்கீறல்போல் ஒரு கோடு.
“படத்தில் வராது.”
“விலையில் வரும்.”
இருநூறு யூரோ இறங்கினார்.
மீதியை எண்ணிக் கொடுத்தேன்,
புதுக் கொதிகலனுக்கென்று எடுத்துவைத்த பணம்.
இன்னொரு குளிர்காலமும் விறகோடு போகட்டும்.

கையெழுத்திடும்போது அவர் தோள் ஏறவே இல்லை.
இரண்டுமுறை அறுத்துத் தைத்ததாம்.
“விற்கவில்லை உர்வே, இறக்கிவைக்கிறேன்.
ஒன்று சொல்கிறேன், கேள்:
முக்காலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.”

மிச்சம் பிடித்தேன்.
மத்சாலு வளைகுடாவின் முதல் காற்றில்
நான் எடுத்த கழுகுக்கு இரண்டு அலகு,
மூன்று வால்.

சுமை எனக்குப் புதிதல்ல.
இருபத்திரண்டு வருடமாகத் தபால் வண்டி ஓட்டுகிறேன்.
நாய்த்தீவன மூட்டை, டிராக்டர் பேட்டரி,
ஒருமுறை யாருக்கோ ஒரு கல்லறைக் கல்.
எல்லாவற்றையும் ஏதோ ஒரு கதவு வாங்கிக்கொள்ளும்.
இதற்குத்தான் கதவில்லை.
சேற்றுப் பலகைப் பாதையில் கொண்டுபோய்
அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பிறகு நல்ல முக்காலி வாங்கினேன்.
அதன்மேல் ஊஞ்சல்போல் ஆடும் ஒரு தலை;
முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி
எடையைச் சரிபார்த்தால்
ஆறு கிலோவும் விரல்நுனிக்குப் பணியும்.
கொதிகலன் இப்போது இரண்டு குளிர்காலத் தூரத்தில்.

ஏப்ரலில் ஒன்பது மணிக்குமேல் பயனில்லை.
குளிர்ந்த தண்ணீர்மேல் வெயில் பட்டதும்
காற்று நெளியத் தொடங்கும்.
பெருங்கொக்குகள்
மழையில் நனைந்த முகவரிகளாகிவிடும்.
ஹெல்துர் இதைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மறைவிடத்தில் என் பக்கத்தில் ஹெல்யு,
கழுத்தில் உள்ளங்கையளவு பைனாகுலர்,
மடியில் கறுப்பு ரொட்டியும் மத்தி மீனும்.
“அதோ நீர்நாய்” என்பாள்.
நான் லென்ஸைத் திருப்புவதற்குள்
அது நேற்றாகியிருக்கும்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை
பழைய வலைக்கம்பத்தின்மேல்
வெண்வால் கழுகு.
காற்றில்லை. நெளிவில்லை.
ஒவ்வொரு இறகும் எண்ணத் தக்கதாக.
தலையை இந்தப் பக்கம் திருப்பட்டும் என்று
மூச்சைப் பிடித்திருந்தேன்.

காட்சி சற்றே இருண்டு, தெளிந்தது.
மறுபடி இருண்டு, தெளிந்தது,
யாரோ கண்சிமிட்டுவதுபோல்.

மெல்லத் தலையைத் தூக்கினேன்.
லென்ஸின் முனை விளிம்பில்
ஒரு வாலாட்டிக் குருவி
கண்ணாடிக்கு முன்னால் வாலை ஏற்றி இறக்கிக்கொண்டு.
குருவி தலையில் பனங்காயல்ல,
பனங்காய் தலையில் குருவி.

ஐந்தரை மீட்டருக்கு இப்பால் நிற்கும் எதையும்
இந்த லென்ஸுக்குத் தெரியாது.
கை நீட்டினால் தொட்டுவிடலாம்.
கால்களில் காய்ந்த சேறு,
அலகில் இன்னும் துடிக்கும் ஒரு பூச்சி.

அப்புறம் அது நடந்தது.
அவ்வளவு கச்சிதமாக நான் சரிபார்த்துவைத்த எடை
இருபது கிராமுக்குத் தலைகுனிந்தது.
மிக மெதுவாக.
குருவி இறங்கிக்கொண்டே வாலாட்டியது.
கழுகு சட்டத்தின் மேல்விளிம்பில் நழுவி
வெளியே போனது.

நான் நிமிர்த்தவில்லை.

ஹெல்யு
ரொட்டி மெல்வதை நிறுத்தியிருந்தாள்.